படிவம் ஏழு, பழவேற்காடு

மாநகரம் இந்த வருடம் வடக்கே கை நீட்டியிருக்கிறது.
அந்தக் கை எட்டிய ஊர்களில்
பார்க்கத் தக்கவை எவையெனப்
பட்டியல் போடுகிறேன்,
நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய், பயணப்படி தனி.

பொன்னேரியில் பேருந்து மாறும்போதே
ஊர்ப்பெயரை எழுதிவிட்டேன்.
மிச்சம் பதினோரு கட்டங்கள்.

டச்சுக் கல்லறைக்குப் பூட்டு.
வாசலின் இருபுறமும் கல்லில் எலும்புக்கூடுகள்,
ஆளுக்கொரு பக்கம் காவல்.
மதிலோரம் பாய் விரித்து
இறால் காயவைத்துக்கொண்டிருந்த பவுனம்மா
அவற்றைப் போலவே என்னைப் பார்த்தாள்.
"சாவி மஸ்தானய்யாகிட்ட."
"அவர்?"
"சூளூர்ப்பேட்டையில கல்யாணம்.
பொண்ணு இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம்.
ரெண்டு பந்தியும் சாப்பிட்டுத்தான் வருவாரு."

நுழைவுக் கட்டணம்: இல்லை.
கழிப்பறை: இல்லை.
வாகன நிறுத்தம்: உண்டு,
இப்போது மூன்று ஆடுகள் நிற்கின்றன.

கோட்டை எங்கே என்றேன்.
நீங்கள் நிற்பது அதன் மேல்தான் என்றார்கள்.
கருவேல முள்ளை விலக்கினால்
செங்கல் ஒன்று, அதைச் சுற்றி ஓர் எறும்பு வரிசை.
நிலை: 'நல்லது, சுமார், சிதைந்தது' என்று மூன்றே சொற்கள்.
எறும்புகளைக் கேட்டால் நல்லது என்றே சொல்லும்.

சின்னப் பள்ளிவாசலில் நிழற்கடிகாரம்.
என் கைபேசியை அதன் பக்கத்தில் பிடித்தேன்.
"தை மாசத்துல இருபத்திமூணு நிமிஷம் பிந்தும்,"
நெய்னா முகம்மது தலையைச் சாய்த்துச் சிரித்தார்,
"உங்களுது நாட்டுக்கான நேரம்.
இது இந்த முற்றத்துக்கு."
'துல்லியம்' என்று கட்டமில்லை.
இருந்திருந்தால் யாருக்கு மதிப்பெண் போட்டிருப்பேன்?

மதியம் தேசிங்கின் படகில் ஏறினேன்.
ஏரி முழங்கால் ஆழம், துடுப்பு இல்லை,
கழியால் தரையை உந்திப் போனான்.
திடீரென்று கைபேசி அதிர்ந்தது,
ஆந்திரப் பிரதேசம் வரவேற்கிறதாம், தெலுங்கில்.
ஒரு கல் இல்லை, கொடி இல்லை,
தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.
தூரத்தில் பூநாரைகள்,
யாரோ உதறிக் காயப்போட்ட ரோஜா நிறச் சேலை.
"அதுங்க காலையில தடா, சாயங்காலம் நம்ம பக்கம்.
எழுதிக்கங்க, சாயங்காலம்னு."
எந்த மாநிலத்தின் கணக்கில் என்று கேட்கவில்லை அவன்.
படிவம் கேட்கிறது.

எதிர்க்கரைக் காட்டுக்கு மேல்
ஏவுதளத்தின் கோபுரம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.
அது பட்டியலில் சேராது;
பழசாவதற்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஐந்தரைக்கு வந்தார் மஸ்தானய்யா.
வாய் நிறைய வெற்றிலை, வேட்டியில் சாம்பார்க்கறை,
பூட்டைத் திறக்குமுன் எலும்புக்கூட்டின் தோளில்
தன் துண்டைப் போட்டார்,
தினமும் போடுகிற இடம் போல.

உள்ளே எனக்குத் தெரியாத எழுத்துகள்.
ஒரு கல்லில் கப்பல் செதுக்கியிருந்தது,
அதன் பாயின் மேல் உயிருள்ள பல்லி.
படமெடுத்தேன். பல்லி நகரவில்லை.
மஸ்தானய்யா ஒவ்வொரு கல்லின் மேலும்
உதிர்ந்த வேப்பிலையைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தார்.
யார் இவர்கள் என்றேன்.
"தெரியாதம்மா. ஊர் திரும்பாதவங்க,"
என்றவர், துப்ப இடம் தேடி வெளியே போனார்.

கடைசிக் கட்டம்:
'பயணி ஒருவருக்குத் தேவைப்படும் நேரம், நிமிடங்களில்.'
அலுவலகத்தில் எல்லாரும் முப்பது போடுவார்கள்.
நானும் முப்பது போட்டேன்.
பிறகு அடித்துவிட்டு எழுதினேன்:
சாவி வரும்வரை.

கிளம்பும்போது பவுனம்மா
செய்தித்தாளில் ஒரு பொட்டலம் திணித்தாள்.
நடத்துனர் பின்னிருக்கைக்குப் போகச் சொன்னார்.
கோப்பும் இறாலும் ஒரே பை.
திங்கட்கிழமை படிவம் ஏழைப் பிரிக்கிறவர்
முதலில் மூக்கைத்தான் மூடுவார்.