அடிமட்டம்

என் சப்பாத்து பையில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போகும்.
நடப்பது நான்.
வவுனிக்குளத்து வாய்க்கால் கட்டு வழுக்கும்,
அதுக்குப் பிறகு கிரவல் றோட்டு,
டிப்பர் ஒன்று கடந்தால் போதும்
கண்ணிமை வரைக்கும் செம்மண்.
கேற்றடிக் குழாயில் கால் கழுவி
பொலித்தீனை அவிழ்த்து
வெள்ளைச் சோடியை வெளியே எடுப்பேன்.
பள்ளிக்கூடத்தில் என்னைவிடச் சுத்தமானது அது.

இன்று திங்கள்.
ஒழுக்கக் குழு கேற்றிலேயே நின்றது.
தேவமலர் ரீச்சர் என்னிடம்தான் அடிமட்டம் கேட்டா.
கொம்பாஸ் பெட்டியைத் திறந்து கொடுத்தேன்,
கொடுத்துவிட்டு என் தலையையும் கொடுத்தேன்.
ரிபன் ஒரு அங்குலம் இருக்க வேணும்.
ஒன்றேகால் இருந்தது.
அந்தக் கால் அங்குலத்தை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்துவிடுவேன், ரீச்சர்?

பின்னல் இரண்டும் மடித்துக் கட்ட வேணும். கட்டியிருந்தேன்.
தோடு சின்னப் பொட்டாக இருக்க வேணும்.
என்னிடம் தோடே இல்லை,
துளை தூராமல் வேப்பங்குச்சி.
அதையும் கழற்று என்றா.
குச்சிக்கு எந்த விதி என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அதற்கும் ஒன்று வரும்.

கீர்த்திகனின் மயிரை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார் சேர்.
பிடிபட்டது.
"சலூன் ரெண்டு கிழமையாய்ப் பூட்டு, சேர்."
கொப்பியில் அவன் பெயருக்கு நேரே
'எதிர்க்கதை' என்று எழுதினார்.

பிறகு கஜந்தினி.
மண்ணிறச் சப்பாத்து,
தமையன் மேசன் வேலைக்குப் போட்டது,
நுனியில் துணி அடைத்திருந்தாள்.
வவுச்சர் தந்ததுதானே என்று கேட்டா ரீச்சர்.
தந்ததுதான்.
அந்தச் சப்பாத்து மாசியிலேயே வாயைத் திறந்துவிட்டது.
கஜந்தினி திறக்கவில்லை.
"வீட்டுக்குப் போய் மாத்திக்கொண்டு வா."
வீடு ஏழு கிலோமீற்றர். மாற்ற ஒன்றும் இல்லை.
இரண்டில் எதைச் சொல்வது என்று கொஞ்ச நேரம் நின்றாள்,
சைக்கிளைத் திருப்பினாள்.

முதலாம் பாடம் கணிதம்.
தை மாதத்திலிருந்து கணிதத்துக்கு ஆளில்லை.
மாற்றலாகிப் போனவர் கீறிய முக்கோணம்
கரும்பலகையில் அப்படியே கிடக்கிறது,
அழித்தால் பாடமே போய்விடும் என்ற பயத்தில்
நாங்கள் அதைச் சுற்றித்தான் துடைக்கிறோம்.
உயரத்தைக் காண்க என்று இருக்கிறது.
இன்னும் காணவில்லை.
அதை அளக்க ஒருவரும்
என்னிடம் அடிமட்டம் கேட்டதுமில்லை.

இரண்டாம் பாடம் கணினி அறை.
தூசு ஆகாது, சப்பாத்தை வாசலில் கழற்றுங்கோ.
கழற்றினோம்.
முப்பத்தொரு சோடி வெள்ளை வெளியில் வரிசையாக இருக்க,
ஓட்டை சொக்ஸால் பெருவிரல் எட்டிப் பார்க்க,
உள்ளே போனோம் நாங்கள்.
இவ்வளவுதான்.
கேற்றிலிருந்து இந்தப் படி வரைக்கும்
நூறு அடிகூட இராது.
கஜந்தினியின் மண்ணிறமும்
இங்கே ஒரு மூலையில் கழன்றுதான் கிடந்திருக்கும்,
யாருக்கும் நிறம் தெரியாமல்
அவள் என் பக்கத்துக் கதிரையில் இருந்திருப்பாள்.
பக்கத்துக் கணினி வேலை செய்யவில்லை என்பது வேறு கதை.

பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சர் அடிமட்டத்தைத் தந்தா.
வவுனியாவிலிருந்து விடிய முதல் பஸ் பிடித்து வருகிறவ,
சேலைக் கரையில் ஒரு சாண் செம்மண்.
தட்டித் தட்டிப் பார்த்தா, போகவில்லை.
"பத்திரமாய் வைச்சிரு பிள்ளை, நாளைக்கும் வேணும்."

சப்பாத்தைப் பையில் போட்டேன்.
கிரவலில் சைக்கிள் தடம் ஒன்று போயிருந்தது,
திரும்பியதாகத் தெரியவில்லை,
டிப்பர்கள் பாதியை அழித்திருந்தன.
வாய்க்கால் வேம்பில் ஈர்க்கு ஒன்று முறித்து
காதில் செருகினேன்.
நாளைக்குக் கழற்றச் சொல்ல
ஏதாவது வேண்டாமா.