மூன்று கட்டைக்கும் கொஞ்சம் கீழே

டொரொண்டோவிலிருந்து கப்பலில் வந்தது ஆர்கன்.
நாலு பேர் தூக்கினோம். படியில் ஒருமுறை இறக்கி வைத்தோம்.
யாரும் பேசவில்லை, மூச்சுத்தான்.
பின்பக்கத் தகட்டில் பொறித்திருந்தது: நூற்றுப்பதினைந்து வோல்ட்.
பூர்க்டோர்ப் சுவரிலோ இருநூற்று முப்பது.

எங்கள் ஒத்திகை அறை ஒரு பங்கர்.
அடுக்குமாடிக்கு அடியில், ஒரு சாண் தடிப்புக் கொங்கிரீட் கதவோடு
வராத போருக்காகக் கட்டி வைத்தது.
மாத வாடகை நூற்றிருபது பிராங்க்.
போர் வந்தால் ஐந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று
ஒப்பந்தத்தில் ஒரு வரி.
அதை வாசித்துவிட்டு ஜெயரூபன் சிரித்த சிரிப்பை
வீட்டுக்காரி திருமதி ஏபிக்கு
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கொன்வெர்ட்டரை நான்தான் வாங்கினேன்,
ஃப்ரைபூர்க்கில் கடை மூடிய ஒருவரிடம், அரை விலைக்கு.
பதினொரு கிலோ. மடியில் வைத்தபடி ரயிலில் வந்தேன்.
பாசலில் சுங்கக்காரன் கேட்டான், இது என்ன?
மின்சாரத்தைப் பாதியாக்கும் பெட்டி.
எதற்குப் பாதி?
பாட்டுக்கு.
போகச் சொன்னான்.

ஜெர்மன் பிளக் சுவிஸ் துளைக்குள் நுழையாது.
அதற்கொரு அடாப்டர், அதற்குமேல் இன்னொன்று.
சுவரிலிருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளி இரவு. மீட்டர் வைத்தேன்: நூற்றுப்பதினாறு.
அந்த ஆர்கனுக்கு இரண்டு சுவிட்ச்.
முதலாவதை எட்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்,
உள்ளே தொண்ணூற்றொரு பற்சக்கரங்களும் முனகி எழும்பும்வரை.
பிறகு இரண்டாவது.
எழும்பியது. புகையில்லை. ஃபியூஸ் போகவில்லை.
கையை வைத்தேன், ஐந்து கட்டை.
வந்தது மூன்று.
மூன்றும் இல்லை, அதற்கும் ஒரு மயிரிழை கீழே.

ஜெயரூபன் கிற்றாரைப் பார்த்தான்.
நான் கொன்வெர்ட்டரைப் பார்த்தேன்.
அது குற்றமற்ற முகத்தோடு இரைந்துகொண்டிருந்தது.

வோல்டை இறக்கலாம், செம்புக் கம்பியைச் சுற்றும் கணக்கு அது.
ஆனால் கனடாச் சுவரில் மின்சாரம்
விநாடிக்கு அறுபது தரம் துடிக்கிறது,
இங்கே ஐம்பது.
இந்த மோட்டர் வோல்டைப் பார்த்து ஓடுவதில்லை,
துடிப்பை எண்ணி ஓடுகிறது.
எனக்கு இது தெரியும்.
பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி லிஃப்டுகளைத் திருத்துகிறவன்.
தெரிந்தும் மறந்திருக்கிறேன்.

துடிப்பை மாற்றும் பெட்டியும் விற்கிறார்கள்,
ஆயிரத்து எழுநூறு பிராங்க்.
அடுத்த சனி லாங்கென்டாலில் கல்யாண வரவேற்பு.
திருப்பி அனுப்பு என்றான் ஜெயரூபன்,
எதை என்று சொல்லாமல்.

அருளினி ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றாள்.
"இன்னொருக்காப் பிடியுங்கோ."
பிடித்தேன்.
பல்லவி பாடினாள், நிறுத்தாமல் சரணத்துக்குப் போனாள்.
சரணத்தில் அவள் எப்போதும் கண்ணை மூடும் இடம் ஒன்றுண்டு.
உணர்ச்சி என்று நினைத்திருந்தோம்.
இந்தமுறை மூடவில்லை.
மேலே போனாள், என்னைப் பார்த்தபடியே,
போய்த் திரும்பினாள்.

"தைரொயிட் வெட்டினாப்பிறகு
அஞ்சு கட்டை எனக்கு எட்டுறேல்லை.
ரெண்டு வருஷம்.
சொல்லேலாமல் கிடந்தது."

ஜெயரூபன் பதில் சொல்லவில்லை.
கிற்றாரை மடியில் போட்டு
ஒவ்வொரு கம்பியாய் ஒரு மயிரிழை தளர்த்தத் தொடங்கினான்,
ஆர்கனைக் கேட்டு, தளர்த்தி, திரும்பக் கேட்டு.
ஆறு கம்பிக்கு அரை மணி நேரம்.

கொன்வெர்ட்டர் சூடாகியிருந்தது.
அருளினி நனைந்த கையுறைகளை அதன்மேல் போட்டாள்.
காற்றுத் துளையை மூடாதே என்றேன்.
எடுத்துவிட்டு, விரல்களை மட்டும் பக்கத்தில் நீட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்குத் திருமதி ஏபி
மேலேயிருந்து குழாயைத் தட்டினார்.
நாங்கள் இன்னும் தொடங்கவேயில்லை.