கல் வைத்த கூலி

அறுபத்தெட்டில் அரசாங்கம் சொன்னது:
வெட்டிய மரம் மிதந்துபோக வழி விடு.
பதினேழு வயது தைஸ்தோ
மஞ்சள் இயந்திரத்தில் உட்கார்ந்து
கொர்பியோயா ஓடையின் கற்களைப் பிடுங்கிப் பிடுங்கிக்
கரையில் போட்டான்.
மணிக்கு இத்தனை மார்க்கா.
ஓடை நேரானது,
கோடு போட்ட நோட்டைப் போல.

நான்கே வருடம் மரம் போயிற்று.
பிறகு லாரி வந்துவிட்டது.
நேரான தண்ணீர் மட்டும்
எதையும் சுமக்காமல்
அவசர அவசரமாய் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

டிரௌட் மீன் அதிகம் கேட்பதில்லை:
ஒதுங்க ஒரு கல்லின் முதுகு,
முட்டையிட நெல்லிக்காயளவு கூழாங்கல்,
அதன் இடுக்கில் மூச்சுவிடும் தண்ணீர்.
சதுப்பை வெட்டிய வாய்க்கால்கள்
அந்த இடுக்கையும் வண்டலால் அடைத்தன.
கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்.
இங்கே கல் கரையில் கிடந்தது.
மீனைத்தான் காணோம்.

அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு,
அதே கரையில்
வேறொரு இயந்திரத்தில் ஏறினார் தைஸ்தோ.
மீன்வள அலுவலகத்து ஹில்க்கா வரைபடம் நீட்டினாள்.
"எந்தக் கல் எங்கே இருந்தது, நினைவிருக்கிறதா?"
"கல்லை யார் பார்த்தார்கள்" என்றார்,
"கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

கற்களின் மேல் பாசி மெத்தை கட்டியிருந்தது.
ஒன்றின் அடியில் எறும்புகள்.
ஒன்றை பிர்ச் மரத்தின் வேர் சுற்றிப் பிடித்திருந்தது.
வேரை அறுத்தபோது அவர் ஏதோ சொன்னார்,
இன்ஜின் இரைச்சலில் கேட்கவில்லை.
நாங்கள் பதினோரு பேர்
வாளி வாளியாய்க் கூழாங்கல் கொட்டினோம்.
கொசு. மேலும் கொசு.
சாயங்காலம் தண்ணீர் கல்லில் முட்டி
வாய் இழுத்துக்கொண்டவர் மறுபடி பேசப் பழகுவதுபோல்
உளறத் தொடங்கியது.

முதல் இலையுதிர்காலம், ஒன்றுமில்லை.
இரண்டாவதில் ஒரு பியர் டின்.
மூன்றாம் வருட அக்டோபரில்
முன்னால் போன ஹில்க்கா சட்டென்று கையை உயர்த்தினாள்.

கரும்பழுப்புப் படுகையில்
ஒரு முறத்தளவு வெளுத்த திட்டு.
வாலால் புடைத்திருக்கிறாள் ஒருத்தி.
வண்டலைத் தண்ணீரோடு போகவிட்டு
கல்லை மட்டும் நிறுத்திக்கொண்டு,
உள்ளே முட்டைகளை மூடிவிட்டுப்
போயிருக்கிறாள்.
அவளை நாங்கள் பார்க்கவில்லை.

வரைபடத்தில் இல்லாத இடம் அது.
இயந்திரத்தின் கையிலிருந்து நழுவி விழுந்து,
அப்புறம் எடுக்கலாம் என்று விட்டுப்போன
ஒரு கோணல் கல்லின் பின்புறம்.

தைஸ்தோ வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
"இந்தக் கல்லுக்கு
நான் பில் போடவில்லை" என்றார்.