சிவப்புப் பூட்டு

பதினோரு வருடமாக நான் செய்கிற வேலைக்கு
இரண்டே விடைகள்.
ஒன்று, தகுதி பெற்றார்.
மற்றது, இன்னும் இல்லை.
தோல்வி என்ற சொல்லை எங்கள் படிவத்திலிருந்து
எடுத்துவிட்டுத்தான்
எனக்கு இந்த வேனையும் மடிக்கணினியையும்
ஒரு பெட்டி சிவப்புப் பூட்டுகளையும் கொடுத்தார்கள்.

இன்வர்கார்கிலுக்கு வடக்கே
ஆட்டிறைச்சி ஆலைகள், பால்பொடி ஆலை, ஒரு மரவாடி.
இவைதான் என் வகுப்பறைகள்.
தேநீர் அறை மேசையில்
யாரோ சிந்திய தக்காளிச் சாறைத் துடைத்துவிட்டுத் தொடங்குவேன்.

பாடம் பதினேழு: இயந்திரத்தைத் தனிமைப்படுத்தல்.
பெயர்தான் பெரிது. விஷயம் இவ்வளவே.
ரம்பத்துக்குள் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்து.
நிறுத்திய விசையில் உன் பூட்டைப் போடு.
அட்டையில் உன் பெயர் எழுது, தேதி எழுது.
சாவி உன் சட்டைப்பையில்.
அதை நீ மட்டுமே திறக்கலாம்,
மேலாளர் வந்து கத்தினாலும்,
சங்கிலியில் நூறு ஆடு தொங்கிக் காத்திருந்தாலும்.

எடுவாலே நெஞ்செலும்பு ரம்பத்தில்
பத்தொன்பது வருடமாக நிற்பவர்.
சமோவாக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.
தீட்டும் சத்தத்தைக் கேட்டே
அது யார் கத்தி என்று சொல்வார்.
அன்று எல்லாம் சரியாகச் செய்தார்.
அட்டையில் மட்டும்
பெயருக்குப் பதில் ஒரு மீன் வரைந்தார்,
செதில்களை எண்ணலாம், அவ்வளவு அழகு.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
"இது யார் மீன் என்று ஆலைக்கே தெரியும்"
என்றார் மேலாளர் காட்டரில்.
தகுதி பெற்றார் என்று போட்டேன்.

படிவத்தின் அடியில் கையெழுத்தும் மீன்தான்.
பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது.
பார்த்தேன்.

ஜூனில், செபுவிலிருந்து வந்து நான்கே நாளான
ஒரு துப்புரவுப் பையன்
விசையில் ஆடிய மீனை
யாரோ விளையாட்டுக்கு மாட்டியது என்று நினைத்து
பூட்டை அறுக்க இரும்புவெட்டி தேடிப் போயிருக்கிறான்.
வெட்டி கிடைக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அறிக்கை வந்தது.
மூன்று முறை படித்தேன்.
எடுவாலேயின் வலது கை அப்போது
முழங்கை வரை உள்ளே இருந்தது.

போய் என் விடையை அடித்தேன்.
இன்னும் இல்லை.
நல்ல மனசோடு போட்ட ஒரு டிக்கை
நேருக்கு நேர் நின்று அடிப்பது எப்படி என்று
எனக்கு நடந்த எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.
அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.
"மனைவி அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுவிட்டாள்" என்றார்.
"தேவாலயத்தில் அறிவித்துமாயிற்று."
பிறகு,
"என் பெயரில் எத்தனை எழுத்து?"
ஆறு.
"உன் பெயரில்?"
ப்ரையோனி. அதற்கும் ஆறுதான்.

செவ்வாயும் வியாழனும்
விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தோம்.
என் நேரக்குறிப்பில் இதற்குக் கட்டம் கிடையாது.
"வேன் பராமரிப்பு" என்று எழுதி அனுப்பினேன்.
வேன் அந்தக் குளிர்காலம் முழுக்க அழுக்காகவே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை,
செயல்முறை காட்டிவிட்டுக் கிளம்பி
நாற்பது கிலோமீட்டர் வந்திருப்பேன்.
உறைபனிச் சாலை. தொலைபேசி.
"ரம்பத்தில் ஒரு பூட்டு தொங்குகிறது" என்றார்.
"இரவுப் பணிக்காரர்கள் சும்மா நிற்கிறார்கள்.
காட்டரில் கத்துகிறார்.
வெட்டி இன்றைக்குக் கிடைத்துவிட்டது,
நான்தான் விடவில்லை."

சட்டைப்பையைத் தொட்டேன்.
சாவி.

ஓரமாக நிறுத்தி,
"யார் பூட்டு என்று எப்படித் தெரிந்தது?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஆலையின் இரைச்சல்தான் கேட்டது.
அட்டையை விளக்குக்கு நேரே பிடித்திருப்பார் போல.
பிறகு ஒவ்வோர் எழுத்தாக
என் பெயரைப் படித்தார்,
கேட்காமலே தேதியையும்.

வண்டியைத் திருப்பினேன்.