பத்துக் கிலோவுக்குக் கீழே

ஆரம்பாக்கம் எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
அறுபது டன் வரை தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
இந்த மேடை எடையென்றே எண்ணாது.

பெஞ்சலய்யா விளையாட்டாகத்தான் ஏறி நின்றான்,
கூடூரிலிருந்து இறால் ஏற்றி வந்த இரவு.
லாரிக்கடியில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
"எந்த அக்கா?"
தெலுங்கில் அது 'எவ்வளவு'.
என் காதுக்கு எப்போதும் பாதியில் நின்ற கேள்வி.
எழுபது, என்றேன்.
சீட்டு கேட்டான். அடித்துக் கொடுத்தேன்,
வண்டி எண் இடத்தில் அவன் பெயர்.

உருகாத ஐஸ் ஒன்று இருக்கிறது என்று
தை மாதத்தில் சொன்னான்.
சட்டைப் பையில், நொறுங்கின கற்கண்டு மாதிரி.
விடியுமுன் காசிமேடு சேராவிட்டால்
வாடகையில் பாதி பிடிப்பார்கள் அக்கா,
தூக்கம் கட்டுப்படியாகாத சரக்கு.

அப்புறம் அவன் பேச்சு நிற்கவில்லை.
டேஷ்போர்டைக் கழற்றித் திருகுகளை வரிசையாக வைத்தான்,
ஒன்று குறைகிறதென்று
டார்ச் அடித்து என் அறை வாசல்வரை தேடினான்.
மூன்று நாள் சோற்றுப் பொட்டலம் சீட்டுக்கடியில்
நூல் பிரிக்காமல்.
எறும்பு, எறும்பு என்று சொறிந்த முழங்கை
புண்ணாகியிருந்தது.
இன்ஜின் அணைந்த பிறகும்
அவன் பல் அரைபடும் சத்தம்.
வெள்ளைக் கார் துரத்துகிறது பார் என்றான்.
பின்னால் வந்தது வைக்கோல் டிராக்டர்.

மேடை சொன்னது: அறுபது.
ஆடியில், ஐம்பது.
நடுவே அவன் எப்படிக் கரைந்தான் என்று
இதற்குத் தெரியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
மூடிக் கிடந்த மருந்துக் கம்பெனியிலிருந்து
நீல டிரம்கள் போகும், மாதம் ஒருமுறை.
பில்லில் சாயப்பொருள்.
நாலு டன் இருநூற்றுப் பத்து.
சரியாகத்தான் எடைபோட்டேன். கையெழுத்து என்னுடையது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் சொன்னார்,
ஏதோ பெரிய யுத்தத்தில் சிப்பாய்கள் விழித்திருக்க
இந்த வம்சத்து மாத்திரையைத்தான் கொடுத்தார்களாம்.
எந்த யுத்தம், யார் ஜெயித்தது,
அவருக்கு ஞாபகமில்லை. டீ கேட்டார்.

புரட்டாசியில் அதே லாரி.
ஓட்டி வந்தது காதில் கடுக்கன் போட்ட பையன்.
பெஞ்சலய்யா எங்கே?
நாயுடுபேட்டை ஆஸ்பத்திரி என்றான், சூளூர்பேட்டை என்றான்,
தெரியாது என்றான்.
டேஷ்போர்டு ஆடுகிறது, ஒரு திருகு இல்லை என்று
குறைபட்டுக்கொண்டான்.

அது சித்திரையிலேயே கிடைத்தது, வாசல் பெருக்கும்போது.
மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.

பையன் கொட்டாவியை விழுங்கினான்.
"எந்த?" என்றான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.
சீட்டைக் கொடுத்தேன்.
திருகைக் கொடுக்கவில்லை.