இடது மணிக்கட்டு, இரண்டு கோணம்

மூன்று மணிக்கு டூட்டி முடியும்.
ஈய ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு
மூன்றே முக்காலுக்குப் பள்ளி வாசல்.
ஆல்பேட்டை செக்போஸ்ட் வருவதற்குள் பவதாரணி
பின்சீட்டில் ஒரு முட்டையை முடித்துவிடுவாள்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் இரண்டாவது.
மஞ்சள் கருவை மட்டும்
ஆற்றுக்குள் எறிகிறாள் என்பதை
வண்டிக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முள்ளோடை.
குடிக்கவும் பெட்ரோல் போடவும்
ஆட்கள் மாநிலம் மாறும் இடம்.
நாங்கள் மாறுவது
பத்து சென்டிமீட்டர் அகலத்தில்
ஒரு கட்டைக்காக.

உப்பளத்தில் மரியதாஸ் மாஸ்டர் கத்துவதில்லை.
"இன்னொரு தடவ" என்பார்.
பதினெட்டாவது தடவையும் அதே குரல்.
கத்தினாலாவது சண்டைக்குப் போகலாம்.

மேல்படியில் அம்மாக்கள்.
பெலிசியாவின் அம்மா மடியில் நோட்டு:
தடுமாறினால் புள்ளி மூன்று,
விழுந்தால் முழுசாக ஒன்று.
சம்பளப் பிடித்தம்போல் பத்தி பிரித்து எழுதுகிறாள்.
நான் எதையும் எழுதுவதில்லை.
என் மகள் பின்னால் வளைந்து
கை ஊன்றும் நொடியில்
எனக்குத் தெரிவதெல்லாம்
கூழாங்கல்போல எட்டுச் சிறு எலும்பு,
இரண்டு நீள எலும்பு,
நுனியில் இன்னும் மூடாத அந்த வளர்ச்சிக் கோடு.
வேலை அப்படி.
பேருந்துப் படியில் தொங்குபவனின் கையைக்கூட
எனக்குத் தோலோடு பார்க்கத் தெரியாது.

போன புதன்கிழமை
தண்ணீர் பாட்டிலைத் தொடைக்கிடையில் இடுக்கி
வலது கையால் திருகினாள்.
"வலிக்குதா?"
"இல்லியே."
அந்த 'யே'யில் வலித்தது.
போட்டிக்குப் பத்தொன்பது நாள்.

ஞாயிறு, கூட்டமில்லாத நேரம் பார்த்து
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.
பெயர் பவதாரணி. வயது பதினொன்று.
இடது மணிக்கட்டு, இரண்டு கோணம்.
"ஆடாத" என்றேன்,
எல்லோரிடமும் சொல்கிற அதே சொல்.
பதிமூன்று வருடத்தில்
இவ்வளவு ஆடாத நோயாளி
எனக்கு வாய்த்ததில்லை.

தடுப்புக்குப் பின்னால் நின்று
பொத்தானை அழுத்துமுன் வேண்டிக்கொண்டேன்.
பாடலீஸ்வரர் காதில் அது விழுந்திருக்கக் கூடாது.
ஒரு கீறல்.
மயிரிழை போதும்.
ஆறு வாரம் மாவுக்கட்டு போடுகிற அளவு,
சுவடில்லாமல் ஆறிவிடுகிற அளவு,
யார் மேலும் பழி விழாத ஒரு கீறல்.
"டாக்டரே சொல்லிட்டாரு" என்று
இருவரும் சாயங்காலங்களில்
வீட்டில் படுத்துத் தூங்குகிறபடி.

திரையில் கை வந்தது.
சுத்தம்.
வெளிச்சத்தைக் கூட்டினேன். குறைத்தேன்.
கோடு சீராக, எங்கும் அகலாமல் ஓடியது.
சற்றே சாய்த்து வைத்து இன்னொன்று எடுத்தேன்.
அதிலும் ஒன்றுமில்லை.
பெற்றவள் பெண்ணின் கையில்
முறிவு தேடுவதைப் பார்க்க
நல்லவேளை, அங்கே யாருமில்லை.

டாக்டரும் பார்த்துவிட்டு
சுளுக்கு என்றுதான் சொன்னார். மூன்று நாள் ஓய்வு.
வெளியே வந்து சொன்னேன்.
சிரித்தாள்.
சிரிப்பு வருவதற்கு முன்னால்
அவள் முகத்தில் வேறொன்று வந்து போனது,
கால்வாசி நொடி.
நடுவர் யாராவது இருந்திருந்தால்
புள்ளி மூன்று குறைத்திருப்பார்.
நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் மறுபடி பாலம்.
எதிர்க்காற்றில் கத்திச் சொன்னாள்:
"அம்மா, சீட்டுல ரெண்டு கோணம்னுதான் போட்டிருந்துச்சி."
"ஆமா."
"நீ மூணு எடுத்த."

கட்டையில் எத்தனை அடி வைத்தோம் என்று
எண்ணிப் பழகிய பிள்ளை.

முள்ளோடையில் பெட்ரோல் போட நிறுத்தினேன்.
வரிசை நீளம். எட்டு வண்டிக்குப் பின்னால் நின்றோம்.
டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தது.