ஓரத்தில் எழுதியது

முத்தையன்கட்டு வாய்க்கால் தாண்டி
கனகேஸ்வரியின் படலையில் நிற்கிறேன்.
அடுப்பில் புகை. ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை. லோன்காரர் வரும் நாள்.
எனக்கும் ஒரு பை, ஒரு கொப்பி;
வேலி ஓட்டையால் பார்த்தால்
நானும் அவங்கள்தான்.

சைக்கிள் மணியை இரண்டுதரம் அடிக்கிறேன்,
எங்களுக்குள் பேசிவைத்த சத்தம்.
வாழைக்குப் பின்னாலிருந்து வருகிறாள்,
பெருவிரலில் சீலைத்துண்டு.

"கிளினிக்குக்கு ஏன் வரேல்லை?"
"அண்டைக்குக் கச்சான் பிடுங்கக் கூப்பிட்டவை."

ஈரமணல் பானைக்குள் இன்சுலின்.
தொட்டுப் பார்க்கிறேன், குளிர்தான்.
ஊசியை எண்ணுகிறேன்: ஐந்து மிச்சம்.
"சாப்பிடாத நாளில போடுறேல்லை, தங்கச்சி.
போட்டா தலை சுத்தும்."
கொப்பியில் இதற்கு ஒரு கட்டமில்லை.
ஓரத்தில் சரித்து எழுதுகிறேன்.

சேலைன் விட்டு விரலைக் கழுவுகையில்
ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள்.
அவள் குனிகிறாள்.
பஞ்சும் கையுமாக நானும்.
என்ர தவணையும் இன்றைக்குத்தான்.